கலப்படமும் மதாம்மாவின் மூக்கும்

நம் ஜில்லாவில் சாம்பாரைத் தன் ஜென்ம விரோதியாக நினைத்து வாழ்ந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் கலப்படம். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு இருந்தது. ஆனால் ராஜபாளையத்தில் தபால்காரரைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

யுத்த காலம். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். மருந்து கலக்குவது என் பிழைப்பு. அவர் ராஜபாளையத்தில் ஒரு சோப்புக் கம்பெனியில் கெமிஸ்ட். எதையும் எதோடும் கலக்கவிடாமல் இருப்பது அவருடைய பிழைப்பு. இப்படிப்பட்ட இரண்டு பேர் சிநேகமானதற்கு ஒரு பூ காரணம். அந்தப் பூவை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தது கிடையாது.

முதலில் அவர் சாப்பிடும் அழகைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டலில் காப்பி கேட்டால் டிக்காஷன் ஒரு டம்ளரில், பால் ஒரு டம்ளரில், சீனி ஒரு காகிதத்தில் வர வேண்டும். சீனியை வாயில் போட்டுக்கொள்வார். பிறகு டிக்காஷன். பிறகு பால். "வயித்துக்குள்ள போயி என்னமும் செஞ்சுக்கிடட்டும், என் கண்ணு முன்னால வேண்டாம்" என்பார். சாம்பார் வந்தால் முருங்கைக்காயை எடுத்து இலையின் ஒரு ஓரத்தில் வைப்பார். கத்தரிக்காயை இன்னொரு ஓரத்தில். வெங்காயத்தை உரித்து உரித்து வரிசையாக நிறுத்துவார். பக்கத்து இலைக்காரர் பாயசம் குடித்து எழுந்துபோன பிறகும் கலப்படம் பருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

"ஏலே, ஒரே சட்டியில பதினோரு சாமானைப் போட்டுக் கொதிக்க வைக்கியே, எது எதோட சேந்துச்சுன்னு உனக்குத் தெரியுமால?" என்று சர்வரைக் கேட்பார்.

"ருசியா இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க சார்."

"ருசியாத்தான் இருக்கு. ஏன் ருசியா இருக்குன்னுதான் தெரியல. கலப்படம்!"

இந்தக் கடைசி வார்த்தையை அவர் ஒரு நாளைக்கு மூன்று வேளையும் சொன்னதால் சர்வர் அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டான். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

இந்த மனிதர் ஒரு நாள் காலையில் கரி பஸ்ஸில் வந்து இறங்கி, மருந்து ஜன்னலுக்குள் தலையை நீட்டினார். கரி பஸ் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பெட்ரோல் கிடைக்காமல் கரியைப் புகைய விட்டு ஓட்டிய பஸ் அது. பாதி தூரம் அது நம்மைச் சுமக்கும், மீதி தூரம் நாம் அதைத் தள்ளுவோம். தள்ளிவந்த களைப்போடு அவர் கேட்டார்:

"பாஸ்பாரிக் ஆசிட் இருக்கா?"

"எதுக்கு?"

"ஒரு ரயிலைத் தென்காசிக்குத் திருப்பணும்."

ரயில், ஆசிட் என்றெல்லாம் யுத்த காலத்தில் யாராவது பேசினால் போலீஸ் வரும். நான் முதலில் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

"உக்காருங்க கம்பவுண்டரே, சொல்லுதேன்" என்று எனக்கே என் ஸ்டூலைக் காட்டிவிட்டுச் சொன்னார். "மலையில இருந்து எலுமிச்சைப் புல் எண்ணெய் வருதுல்லா? அதைப் பக்குவம் பண்ணி, கடைசியா ஆசிட்டுல முறிச்சா வயலெட் பூ வாசம் வரும். வெள்ளைக்காரன் சோப்புல மணக்குமே, அந்த வாசம். ஆனா அது ஒத்தையா வராது. அண்ணன் தம்பி ரெண்டு பேரா வருவாங்க. எடை ஒண்ணு, உடம்பு ஒண்ணு, ஒரே ஒரு கண்ணி மட்டும் இடம் மாறி இருக்கும். தம்பி பூவா மணப்பான். அண்ணன் மரமா மணப்பான். எனக்குத் தம்பி மட்டும் போதும்."

"இதுல ரயில் எங்க வருது?"

"விருதுநகர் ஜங்ஷன்ல ஒரு லயன் தூத்துக்குடிக்குப் போகுது, ஒரு லயன் தென்காசிக்குப் போகுது. என் சட்டியில வண்டி கெளம்புனா பாதிப் பேரு அங்க போறான், பாதிப் பேரு இங்க வாரான். எனக்கு அம்புட்டுப் பேரும் தென்காசியில எறங்கணும். கந்தகத் திராவகம் போட்டா எல்லாப் பயலும் தூத்துக்குடிக்கு ஓடிருதான். பாஸ்பாரிக் போட்டாத்தான் இந்தப் பக்கம் திரும்புவான்னு புஸ்தகத்துல இருக்கு."

எங்களிடம் பாஸ்பாரிக் ஆசிட் இருந்தது. ஆனால் அது நரம்புத் தளர்ச்சிக்குக் கொடுக்கிற சொட்டு மருந்து. டாக்டர் எழுதாமல் கொடுக்க முடியாது என்றேன்.

"நரம்புத் தளர்ச்சின்னா எப்படி இருக்கும்?"

நானும் வெள்ளந்தியாகச் சொல்லித் தொலைத்தேன். மறுநாள் காலையில் கை நடுங்க, தலை ஆட, வரிசையில் முதல் ஆளாக நின்றார். டாக்டர் எழுதிக்கொடுத்தார். அதற்கடுத்த நாள் அவருடைய கம்பெனியில் சோப்பு வெட்டுகிற பெண்கள் இரண்டு பேர் நடுங்கிக்கொண்டு வந்தார்கள். அதற்கடுத்த நாள் வண்டிக்காரர், வாட்ச்மேன், கணக்குப்பிள்ளை. அந்த வாரத்தில் அந்தக் கம்பெனியில் முதலாளி ஒருவருக்கு மட்டும்தான் நரம்பு கெட்டியாக இருந்தது.

"அங்கே சோப்பில் என்னதான் போடுகிறார்கள்?" என்று டாக்டர் கவலைப்பட்டு, மேலே எழுதப்போவதாகச் சொன்னார். என் வேலைக்கு உலை வைத்துவிடுவார் போலிருந்தது. நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். டாக்டர் சிரித்து முடிக்க வெகு நேரமானது. சிரித்து முடித்து ஒரு பெரிய சீசாவையே எடுத்துக் கொடுக்கச் சொன்னார்.

கலப்படத்துக்கு இவ்வளவு அவசரம் ஏன் என்றால், முதலாளி கெடு வைத்திருந்தார். முன்பு சோப்புக்கு வாசனை கப்பலில் வரும். யுத்தம் வந்ததும் கப்பல் நின்றுபோனது. வாசனை இல்லாத சோப்பை மாட்டைக் குளிப்பாட்டக்கூட யாரும் வாங்கவில்லை. "ஆடிப்பூரத் தேருக்கு முந்தி என் சோப்பு மணக்கணும். இல்லேன்னா நீ உன் சட்டி பானையைத் தூக்கிக்கிட்டுத் தேவதானத்துக்கு பஸ் ஏறு" என்று சொல்லிவிட்டார். தேவதானத்தில் கலப்படத்தின் அண்ணன் ஏரோடும் மாடோடும் காத்திருந்தார். படித்த தம்பி உருப்பட மாட்டான், உழத்தான் வருவான் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். கலப்படத்துக்கு ஏர் பிடிக்கக் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே போனால் சட்டியைத் தொட முடியாது. சட்டியைத் தொடாமல் அவரால் உயிரோடு இருக்க முடியாது.

பாஸ்பாரிக் கிடைத்தது, வேலை தொடங்கியது. பத்து நாளில் சின்னச் சின்ன சீசாக்களில் சரக்கும் இறங்கியது. அப்போதுதான் ஒரு விஷயம் அவருக்கு உறைத்தது. வயலெட் பூ எப்படி மணக்கும்?

அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது. முதலாளிக்குத் தெரியாது. சோப்பு வெட்டுகிற ஒரு பெண் முகர்ந்து பார்த்து, "தாழம்பூவுக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி இருக்கு" என்றாள். வாட்ச்மேன், "மழையில நனைஞ்ச பொட்டி" என்றார். இரண்டில் எது தம்பி, எது அண்ணன்? ஒரு பூவைச் செய்ய மாதக் கணக்கில் பாடுபட்ட மனிதர், அது பூதானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாமல் என் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றார். நான் மதாம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

மதாம்மா எங்கள் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்கார அம்மாள். ஊருக்குப் போகக் கப்பல் இல்லாமல், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வேப்பமரத்தடி வீட்டில் முடங்கிக் கிடந்தார். வேதபுஸ்தகத்தை வைத்தே தமிழ் படித்தவர். அதனால் பால்காரரிடம்கூட ஒரு தீர்க்கதரிசி மாதிரித்தான் பேசுவார். "பால்காரனே, நீ ஏன் தண்ணீரைப் பெருகப்பண்ணினாய்?" என்று அவர் கேட்டால் பால்காரர் நடுங்குவார்.

முதல் சீசாவை முகர்ந்தார். "இதோ, இது என் தகப்பனுடைய பென்சில் பெட்டி" என்றார்.

கலப்படம் துள்ளிக் குதித்தார். "மரம்! கம்பவுண்டரே, அதுதான் அண்ணன்! தூத்துக்குடி!"

இரண்டாவது சீசா. மதாம்மா கண்ணை மூடிக்கொண்டார். "பென்சில் பெட்டிக்குள்ளே யாரோ ஒருவன் பூவை வைத்து மறந்துபோனான். பென்சில் பாதி, பூ பாதி."

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் கலப்படம் ஒரு சீசாவோடு வருவார். மதாம்மா ஒரே ஒரு தடவை முகர்ந்து தீர்ப்புச் சொல்வார். இவர் அதை நோட்டில் எழுதிக்கொள்வார். 'பென்சில் பாதி.' 'பென்சில் பாதிக்குச் செத்த கம்மி.' 'வெயில் அதிகம், பென்சில் ஏறிவிட்டது.' பெரிய பெரிய ஆராய்ச்சிசாலைகளில் இதற்கு என்னென்னவோ மிஷின் வைத்திருப்பார்களாம். எங்களிடம் இருந்தது மதாம்மாவின் மூக்கு ஒன்றுதான்.

சட்டி சூடேறினால் பென்சில் ஏறுகிறது என்று கண்டுபிடித்ததும், ஈரச் சாக்கைச் சுற்றினார். ஆசிட்டை மெல்ல விட வேண்டும் என்று தெரிந்ததும், சொட்டுக்கு ஒரு வாய்ப்பாடு என்று கணக்கு வைத்தார். முதலில் ஒரு சொட்டு விட்டு இரண்டாம் வாய்ப்பாடு முழுக்கச் சொல்லி அடுத்த சொட்டு. பென்சில் குறைந்தது. ஐந்தாம் வாய்ப்பாட்டுக்குப் போனார். இன்னும் குறைந்தது. கடைசியில் பதினாறாம் வாய்ப்பாட்டில் வந்து நின்றார். சோப்பு வெட்டுகிற பெண்களுக்கெல்லாம் அது மனப்பாடம் ஆகிவிட்டது. ரோட்டில் போகிறவர்கள் கம்பெனியில் பள்ளிக்கூடம் நடக்கிறது என்று நினைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் வேறு மாதிரி நினைத்தார்கள். கல்யாணமாகாத ஒரு மனிதர் சனிக்கிழமைதோறும் சென்ட் சீசாவோடு வந்தால் ஊர் சும்மா இருக்குமா? ஆயா ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னதை நானே கேட்டேன்: "ஏட்டி, அந்த ராஜபாளையத்துக்காரரு நம்ம மதாம்மாவைக் கெட்டிக்கிட்டுச் சீமைக்குப் போகப் போறாராம்!" மதாம்மாவுக்கு அப்போது அறுபத்தைந்துக்கு மேல்.

தேருக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு சீசா வந்தது. மதாம்மா முகர்ந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். "பென்சில் எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லம்மா. அம்புட்டும் தென்காசிக்கு வந்துட்டாங்க" என்றார் கலப்படம்.

மதாம்மா மறுபடியும் ஆசையாக முகர்ந்தார். முகம் மாறியது. இன்னொரு தடவை முகர்ந்தார். "இதில் ஒன்றுமில்லையே! மனுஷனே, நீ என்னை வஞ்சித்தாய்!"

"செத்த நேரம் பொறுங்கம்மா, திரும்பி வரும். இந்த வாசம் மூக்கை மரத்துப்போக வச்சிரும். பூ போகலை, மூக்குதான் தூங்குது. அது முழிச்சா வந்திரும்."

பொறுத்தார். முகர்ந்தார். வந்துவிட்டது. அந்த அம்மாள் சிறுபிள்ளை மாதிரிச் சிரித்ததை அன்றைக்குத்தான் நான் முதல் தடவை பார்த்தேன்.

மறுநாளே சாட்சிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு முதலாளியிடம் போனார். முதலாளி தெலுங்கு பேசுகிற குடும்பத்துக்காரர். சோப்புக்கு வருவதற்கு முன்னால் நெய் வியாபாரம் பார்த்தவர். கான்சாபுரத்துப் பக்கமிருந்து வருகிற நெய்யைப் புறங்கையில் தடவுவார், தேய்ப்பார், முகர்வார், மறுபடி தேய்ப்பார், முகர்வார். பத்து தடவை முகர்ந்த பிறகுதான் விலையைப் பேசுவார். நல்ல நெய் பத்தாவது மோப்பத்திலும் மணக்கும், கலப்பட நெய் முதல் மோப்பத்தோடு ஓடிவிடும் என்பது அவருடைய சித்தாந்தம். நாற்பது வருஷத்தில் அது பொய்த்ததில்லையாம்.

"ஒரே ஒரு தடவை மோந்து பாருங்க முதலாளி" என்று கலப்படம் படித்துப் படித்துச் சொன்னார். யார் கேட்டது? முதலாளி ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டுத் தேய்த்தார்.

முதல் மோப்பம். கண் அகலமாகத் திறந்தது. "பாக உந்தி! நல்லாருக்கு!"

இரண்டாவது மோப்பம். புருவம் சுருங்கியது. மூன்றாவது. நாலாவது. பத்தாவது மோப்பத்தில் முதலாளியின் முகம் அடுப்பாக இருந்தது.

"எங்கய்யா போச்சு?"

"செத்த நேரம் பொறுங்க, திரும்பி வரும்."

"போன வாசம் எங்க திரும்பி வரும்? மேலாப்புல நெய்யை ஊத்தி அடியில கடலை எண்ணெயை வைக்கிற பயலுகளை எம்புட்டுப் பேரைப் பாத்திருக்கேன்! என்கிட்டேயேவா? கலப்படச் சரக்கு!"

ஊரே ஆயிரம் தடவை கூப்பிட்ட பெயர்தான் அது. ஒரு நாளும் அவருக்கு வலித்ததில்லை. அன்றைக்கு வலித்தது. உலகத்திலேயே கலப்படம் செய்யத் தெரியாத ஒரே மனிதரைக் கலப்படம் செய்தான் என்று சொல்லி வேலையை விட்டு நீக்கினார்கள். அவர் போய்ச் சட்டிகளைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓடினேன்.

மதாம்மா கேட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, "எழுந்திரு, போவோம்" என்றார். ஆஸ்பத்திரி காம்பவுண்டைத் தாண்டி மாதக் கணக்காக வெளியே வராத அம்மாள் கரி பஸ்ஸில் ஏறினார். பஸ் வழக்கம்போல வழியில் நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். மதாம்மாவும் இறங்கி, குடையின் காம்பை பஸ்ஸின் முதுகில் கொடுத்து நெட்டினார். டிரைவர் இறங்கி வந்து கும்பிட்டார்.

கம்பெனியில் முதலாளி பதறியடித்து நாற்காலி போட்டார்.

"ஐயா, நீர் எத்தனை தரம் முகர்ந்தீர்?"

"பத்து தரம்மா."

"ஒன்பது தரம் அதிகம். இப்பொழுது காப்பி வரவழையும். அதைக் குடித்துத் தீருமட்டும் உம்முடைய கையை மூக்கண்டையில் கொண்டுபோகாதிரும்."

காப்பி வந்தது. முதலாளி பயபக்தியோடு குடித்தார். மதாம்மா தலையசைத்ததும் சீசாவைத் திறந்து முகர்ந்தார். அப்படியே நின்றுவிட்டார். "திரும்பி வந்துட்டுதே!"

நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் முதலாளி வியாபாரி. "எல்லாம் சரிம்மா. சோப்பு வாங்க வாரவனும் என்னை மாதிரிப் பத்து தடவைதான் மோந்து பாப்பான். ஒவ்வொருத்தனுக்கும் காப்பி வாங்கிக் குடுக்க எனக்குக் கட்டுபடியாகாது" என்றவர், கலப்படத்தின் பக்கம் திரும்பினார். "இதுல கொஞ்சம் சந்தன எண்ணெய், கொஞ்சம் எலுமிச்சைப் புல் எண்ணெய் கலந்து போடு. உன் பூ தூங்குற நேரம் அதுக காவல் நிக்கட்டும். கலக்குனா உன் வேலை நிலைக்கும். மாட்டேன்னா தேவதானத்துக்கு பஸ் நிக்குது."

கலப்படம் என்னைப் பார்த்தார். "ஆறு மாசமாப் பிரிச்சேன் கம்பவுண்டரே. இப்பக் கலக்கச் சொல்லுதாரு."

நானோ மருந்து கலக்கிப் பிழைக்கிறவன். மதாம்மாதான் பேசினார்.

"மகனே, நான் சிறுபிள்ளையாயிருந்தபோது அந்தப் பூவைத் தனியே முகர்ந்ததே இல்லை. ஓடையோரம் அது பூத்திருக்கும். ஈரமண்ணும் புல்லும் பசுஞ்சாணமும் அதனோடேகூட மணந்தது."

கலப்படம் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சாணம் வேண்டாம்மா. சந்தனத்தோட நிறுத்திக்கிடுதேன்."

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஒரு சின்னக் குப்பி சரக்கு கலக்காமல் மதாம்மாவுக்கு வேண்டும் என்றார். முதலாளி சரி என்றார். பிறகு கலப்படம் கண்ணை இறுக மூடிக்கொண்டு சந்தன எண்ணெயை ஊற்றினார். அன்று மத்தியானம் ஓட்டலில், யாரும் எதிர்பாராத விதமாக, சாம்பாரைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். சர்வர் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடிப்போய் ஓட்டல் முதலாளியைக் கூட்டிவந்து காட்டினான்.

ஆடிப்பூரத் தேருக்கு வந்த கூட்டம் சோப்பை முகர்ந்து முகர்ந்து வாங்கிக்கொண்டு போனது. யுத்தம் முடிந்து கப்பல் கிடைத்ததும் மதாம்மா குப்பியை என்னிடம் கொடுத்தார். "நான் பூவினிடத்துக்கே போகிறேன், இது உம்மிடத்தில் இருக்கட்டும்" என்றார். பிறகு கலப்படமும் பம்பாயில் பெரிய வேலை கிடைத்துப் போனார். அங்கிருந்து எனக்குக் கார்டு போடுவார். ஒரு கார்டில் ஒரு விஷயம்தான் இருக்கும். கல்யாணம் ஒரு கார்டில், பெண் யார் என்பது அடுத்த கார்டில். ஒரே நாளில் நாலு கார்டு வந்ததும் உண்டு.

போன மாதம் அவருடைய மகளிடமிருந்து, ஓரத்தில் கறுப்பு மை தடவிய ஒரு கார்டு வந்தது. அப்பா சொல்லிக்கொடுத்த பழக்கம் போலிருக்கிறது, அதிலும் ஒரே ஒரு விஷயம்தான் எழுதியிருந்தது.

அவரைப் போல ஒரு சிநேகிதர் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை. பெட்டியைக் குடைந்து அந்தக் குப்பியை எடுத்துத் திறந்தேன். ஒரு தடவை முகர்ந்தேன். வந்தது. ஆசையில் இன்னொரு தடவை முகர்ந்துவிட்டேன், போய்விட்டது. செத்த நேரம் பொறுங்க கம்பவுண்டரே, திரும்பி வரும் என்பார். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுத்திருக்கிறேன்.